ராஜா வீட்டில் எது எங்கே

இந்த வீட்டுக்கு ராஜா யார் என்கிற வழக்கை ராஜாவின் வீட்டிலேயே வைத்துத் தீர்த்துவிடுவது என்று மா தோசிக் ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தார். சியோல் நகரத்துத் தண்ணீர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் அவர் இதுவரை எடுத்த முடிவுகளை ஒரு கைவிரல்களால் எண்ணிவிடலாம். அவற்றில் மனைவி மல்சூக் மாற்றாமல் விட்டவற்றை எண்ண விரலே வேண்டாம்.

ஆனால் இந்த முறை கல் சம்பந்தப்பட்ட விஷயம். விட்டுக்கொடுக்க முடியாது.

அவரிடம் நாற்பத்து மூன்று கற்கள் இருந்தன. நாம் தெருவில் தடுக்கி விழுகிற கற்கள் அல்ல. ஆற்றங்கரை ஆற்றங்கரையாக நடந்து, குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, நாற்பது வருஷமாகப் பொறுக்கியவை. ஒன்று மலை மாதிரி இருக்கும். ஒன்று படகு மாதிரி. ஒன்று, சரியான வெளிச்சத்தில் சரியான பக்கத்திலிருந்து சரியான மனநிலையில் பார்த்தால், தவம் செய்கிற துறவி மாதிரி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மரத்தில் அளவெடுத்துச் செதுக்கிய பீடம் உண்டு. தினமும் காலையில் தெளிப்பானை எடுத்து அவற்றின்மேல் நீர் தெளிப்பார். கல் நனைந்து கறுத்துப் பளபளக்கும்போது அவர் முகமும் அப்படியே ஆகும்.

இந்த நாற்பத்து மூன்றும் குடியிருந்தது முன் பால்கனியில். பதினோராவது மாடி. தெற்குப் பார்த்தது. காலை முதல் மாலை வரை வெயில்.

"வியாழக்கிழமை ஜாடி வருது," என்றாள் மல்சூக், அன்று காலை சூப்பை அவர் முன்னால் வைத்தபடி.

"என்ன ஜாடி?"

"அக்கா கிராமத்து வீட்டை வித்துட்டு அடுக்குமாடிக்குப் போறால்ல. அம்மாவோட அஞ்சு ஜாடியும் எனக்குத்தான். சோயா விழுதும் சாறும் உள்ளயே இருக்கு. முன் பால்கனியைக் காலி பண்ணுங்க."

"அங்க கல் இருக்கு."

"அதைத்தான் காலி பண்ணச் சொல்றேன்."

"பின் பால்கனியில வையேன் உன் ஜாடியை."

"வடக்குப் பக்கத்துலயா? வெயில் படாம சோயா கெட்டுப்போகும். உங்க கல்லு கெட்டுப்போகுமா?"

"வெயில் பட்டாத்தான் அதுல இருக்கற மலை தெரியும்!"

"எனக்கு வெயில் பட்டாலும் உருளைக்கிழங்குதான் தெரியுது."

தோசிக் கரண்டியைக் கீழே வைத்தார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவர் அவளைக் கைப்பிடித்தபோது அவள் ஒரு கல்லைப் பார்த்து "ஆமாங்க, மலை மாதிரியே இருக்கு" என்று சொன்னவள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் மீதி நாற்பத்திரண்டையும் பொறுக்கினார்.

ஆனால் அன்று அவர் கலங்கவில்லை. சட்டைப்பையில் ஆயுதம் இருந்தது.

முந்தின நாள்தான் கிடைத்தது. கல் ரசிகர்களுக்கென்று வருகிற மாதப் பத்திரிகையின் நடுவிலே ஒரு தாள் செருகியிருந்தது. மடிப்போடு கிழிந்த பாதித் தாள். கியோங்போக் அரண்மனையைப் பற்றிய விளம்பரத் தாள். அதில் ராணி மாளிகையின் தோட்டப் படம். படத்திலே, பூச்செடிகளுக்கு நடுவே, செதுக்கிய கல்தொட்டியில் ராஜ கம்பீரமாக நின்றது ஒரு முரட்டுக் கல்! அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தேகமில்லை. ராணியே கல் வளர்த்திருக்கிறாள். இந்தத் தாளை எப்போது எங்கே வாங்கி வைத்தோம் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. அறுபத்தேழு வயசில் அதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

"மிரே அம்மா," என்றார், மகள் பெயரைச் சொல்லி. குரலைத் தாழ்த்தினால்தான் கம்பீரம் கூடும் என்பது அவர் கணக்கு. "நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். இந்த நாட்டுலயே பெரிய குடும்பம் எது? ராஜா குடும்பம். அவங்க வீட்ல எப்படி வச்சிருந்தாங்களோ அப்படி நம்ம வீட்லயும் வச்சுக்குவோம். நாளைக்கே அரண்மனைக்குப் போறோம்."

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. மூடியிருக்கும்."

"சரி, புதன்கிழமை."

செவ்வாயன்று மூடியிருக்கும் என்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் அந்த நொடியில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"ஐயோ, வேணாங்க," என்றாள் மல்சூக். "ராஜா எங்கே, நாம எங்கே? அவங்க வழக்கம் நமக்குச் சரிப்படுமா?"

பயப்படுகிறாள்! தோசிக்குக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உடனே எதிர்வீட்டுக் கதவைத் தட்டித் தாக் கீசோப்பை அழைத்து வந்தார். கீசோப் அவரைவிட இரண்டு வயது இளையவர். தனியாள். மரவேலைப் பைத்தியம். அந்த நாற்பத்து மூன்று பீடங்களையும் செதுக்கிக் கொடுத்தவர் அவர்தான். அன்றைக்கும் சட்டைக் கையெல்லாம் மரத்தூளோடு வந்து நின்றார்.

"தம்பி, நீதான் சாட்சி," என்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார் தோசிக்.

அந்த வீட்டில் உறுதிமொழிப் பத்திரம் புதிதல்ல. சிகரெட்டை விடுகிறேன், குடித்துவிட்டுப் பாடமாட்டேன், மச்சினன் பேச்சைக் கேட்டு எதையும் வாங்கமாட்டேன் என்று இதுவரை பதினொரு பத்திரம் எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தியிருக்கிறார். பதினொன்றும் மல்சூக்கின் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அவள் முத்திரை குத்தப்போகிற முதல் பத்திரம் இதுதான்.

அவரே எழுதினார். 'அரண்மனையில் எது எங்கே இருக்கிறதோ, அது நம் வீட்டிலும் அங்கேயே இருக்க வேண்டும்.'

"அண்ணே, நல்லா யோசிச்சீங்களா?" என்றார் கீசோப். அதற்குள் அவருக்கு ஒரு இருமல் வந்துவிட்டது.

"யோசிக்க வேண்டியது உங்க அண்ணி."

மல்சூக் தாளை வாங்கிப் படித்தாள். திருப்பிப் படித்தாள். பெருமூச்சு விட்டாள். "பின்னாடி நீங்க பேச்சு மாறக் கூடாது."

"நானா!"

சிவப்பு மையைத் தொட்டு அவர் முத்திரையைக் குத்தினார். அவள் தன்னுடையதைக் குத்தினாள். கீசோப்பும் குத்திவிட்டு, இன்னும் இருமிக்கொண்டே போய்விட்டார். போகும்போது அண்ணி கொடுத்த ஒரு டப்பா கிம்ச்சி ஊறுகாயை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை மல்சூக் உள்ளே போனாள், வேறு ஒரு பெண்மணி வெளியே வந்தாள். மிரேயின் கல்யாணத்துக்குத் தைத்த ஹான்போக். மரகதப் பச்சை நிறத்தில் பாவாடை, மாதுளம்பூ நிறத்தில் மேல்சட்டை. கொண்டை போட்டு ஊசி செருகியிருந்தாள்.

"என்ன இது வேஷம்?"

"பாரம்பரிய உடை போட்டா உள்ள விட டிக்கெட் கேக்கமாட்டாங்க. உங்களுக்கு வயசாயிடுச்சு, அதனால இலவசம். எனக்கு அழகு இருக்கு, அதனால இலவசம்."

தோசிக் எப்போதும்போல மலையேறுகிற ஜாக்கெட்டும் விளிம்பு வைத்த தொப்பியும் போட்டிருந்தார். சுரங்க ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் அவளையும் இவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "வழிகாட்டிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கறீங்கம்மா?" என்று கேட்டார்.

"சாப்பாடு மட்டும்தான்," என்றாள் மல்சூக்.

பெரிய வாசலைத் தாண்டி, இரண்டாவது வாசலையும் தாண்டி, மூன்றாவது வாசலில் கால் வைத்ததும் இரண்டு பேருமே பேச்சை நிறுத்திவிட்டார்கள். தோசிக் சின்ன வயசில் பள்ளிக்கூடத்தோடு வந்தது. பிறகு பக்கத்துச் சாலையில் பஸ்ஸில் ஆயிரம் தடவை போயிருக்கிறார். உள்ளே வரத்தான் ஒரு சண்டை தேவைப்பட்டிருக்கிறது.

முற்றம் முழுக்கக் கல். இழைக்காத, கரடுமுரடான கல். அதன் மறுகோடியில் இரண்டடுக்கு மேடைமேல் அரியணை மண்டபம். அதற்கும் பின்னால் புகாக் மலை. கூரையின் இரண்டு ஓரங்களும் மெல்ல மேலே வளைந்து போனதைப் பார்த்தால், இவ்வளவு கனமான ஓடுகளை யாரோ இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. மலையைப் பார்த்துக் கூரையை வளைத்தார்களா, கூரைக்குப் பொருத்தமாக மலையைக் கொண்டுவந்து வைத்தார்களா என்று தோசிக்குக்குச் சந்தேகமே வந்துவிட்டது. கல் ரசிகன் கண் அது. எங்கே போனாலும் மலையில் போய் நிற்கும்.

"ஏங்க, இதைக் கட்டினவன் ராத்திரி தூங்கியிருப்பானா?" என்றாள் மல்சூக் மெதுவாக.

"எனக்கே தூக்கம் வராது போலிருக்கு," என்றார் அவர்.

சண்டைக்கு வந்தவர்கள் என்பதை இருவரும் கொஞ்ச நேரம் மறந்துபோனார்கள்.

முற்றத்தின் இரண்டு பக்கமும் அதிகாரிகள் வரிசையாக நிற்பதற்கான அடையாளக் கற்கள் இருந்தன. முதல் பதவியிலிருந்து ஒன்பதாம் பதவி வரை. தோசிக் நேராகப் போய் மண்டபத்துக்கு அருகே, முதல் கல்லின் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"மிரே அப்பா, நீங்க ஆபீஸ்ல என்னவா ரிட்டயர் ஆனீங்க?"

"துணைப் பிரிவுத் தலைவர்."

மல்சூக் கற்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தாள். ஒன்பதாம் பதவிக் கல்லுக்கு வந்தாள். அங்கேயும் நிற்காமல் வாசல் வரை போய்க் கையைக் காட்டினாள். "வாங்க, இங்க குடை வைக்கிற இடம் ஒண்ணு இருக்கு!"

அவர் பதில் யோசிப்பதற்குள் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு கூட்டம் மல்சூக்கைச் சூழ்ந்துகொண்டது. அவளோடு சேர்ந்து படம் எடுக்க வேண்டுமாம். அவள் பாவாடையை விரித்து, கைகளைக் கோத்து, பிறந்ததிலிருந்தே ராணியாக இருந்தவள்போல நின்றாள். அவர்கள் பதினாறு பேர். பதினாறு கைபேசிகளும் தோசிக் கைக்கு வந்தன. அவரை எந்தப் படத்துக்கும் யாரும் அழைக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் அவரைப் பார்த்து, தொப்பியைக் கழற்றும்படி ஜாடை காட்டினாள். மரியாதைக்காக இல்லை. தொப்பியின் நிழல் படத்தில் விழுந்ததாம்.

பிறகு ராஜாவின் மாளிகைக்கு வந்தார்கள். இங்கே அவர் தயாராக இருந்தார். செவ்வாய்க்கிழமை முழுக்கப் படித்திருந்தார்.

"கூரையைப் பாரு. உச்சியில முகடு இருக்கா? இல்ல. ஏன்? ராஜாவே ஒரு டிராகன். கூரை முகடும் டிராகன். ஒரு டிராகன் தலைக்கு மேல இன்னொரு டிராகன் இருக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. வீட்டுத் தலைவன்னா அப்படி! அவன் தலைக்கு மேல யாரும் இல்ல!"

"அடேயப்பா," என்றாள் மல்சூக். உண்மையாகவே வியந்துதான் சொன்னாள். அவர் அந்தச் சொல்லை ஒரு மிட்டாயைப்போல வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வாசலைத் தாண்டினார். ராணியின் மாளிகை.

மல்சூக் அண்ணாந்து பார்த்தாள். "இந்தக் கூரையிலயும் முகடு இல்லையே?"

"அது... ராஜா இங்கயும் வந்து தங்குவாரு."

"வந்து தங்குறவரு விருந்தாளி. வீட்டுக்காரி யாரு?"

"ராணி."

"அப்ப நிரந்தரமா இருக்கற டிராகன் யாரு?"

தோசிக் மிட்டாயை விழுங்கிவிட்டார். "பின்பக்கம் வா," என்றார். "அங்கதான் நான் காட்ட வேண்டியது இருக்கு."

மாளிகையின் பின்னால் நான்கு படியாக உயர்ந்த தோட்டம். அமிசான் என்று பெயர். படிக்குப் படி பூ. மேலே, செங்கல்லில் கட்டிய ஆறு பக்கப் புகைபோக்கிகள். ராணியின் அறையைக் கதகதப்பாக்கத் தரைக்கடியில் மூட்டிய நெருப்பின் புகை இங்கே வந்து வெளியேறுமாம். புகை போகிற குழாயில் கொக்கு, மான், பைன் மரம், மலர் என்று சுற்றிலும் செதுக்கிப் பதித்திருந்தார்கள். தன் வீட்டுப் புகைபோக்கி எந்த நிறம் என்றுகூட தோசிக்குக்குத் தெரியாது. புகைக்குக்கூட அழகான வாசல் கட்டி வழியனுப்பிய மனிதர்களை நினைத்து அவர் தொப்பியைத் தானாகவே கழற்றிக்கொண்டார்.

கீழ்ப்படிகளில், செதுக்கிய தொட்டிகளில், அவை நின்றன. தாளில் பார்த்த அதே முரட்டுக் கற்கள். துளையும் மடிப்புமாக, மழையில் கரைந்துபோன சின்னச் சின்ன மலைகள்.

"பாரு!" என்றார். குரல் உடைந்தே விட்டது. "ராணி! கல்! தொட்டியில! யாராவது உருளைக்கிழங்கைத் தொட்டியில வைப்பாங்களா?"

மல்சூக் நிதானமாகப் பார்த்தாள். "இல்லைங்க. நீங்க சொன்னது சரிதான். ரொம்ப அழகா இருக்கு. மலையேதான்."

நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்! தோசிக்குக்குக் கண் கலங்கியது. வென்றுவிட்டார். இனி அந்த ஐந்து ஜாடிகளுக்கு அக்கா வேறு தங்கையைத் தேட வேண்டியதுதான்.

"கல்லு பக்கத்துல நில்லுங்க, படம் எடுக்கறேன்," என்றாள் மல்சூக். "அப்படியே ஒரு வார்த்தை சொல்லுங்க, பதிவு பண்ணிக்கறேன். ராணி கல்லை எங்க வச்சிருக்காங்க?"

"மாளிகைக்குப் பின்னால!" என்றார் முழங்குகிற குரலில்.

"எந்தத் திசை?"

"வடக்கு!"

"நன்றிங்க," என்று கைபேசியை மூடினாள். "கால் வலிக்குது. அந்தப் பக்கம் கொஞ்சம் வெயில்ல நிக்கலாம் வாங்க."

கால் வலிக்கிறவள் அவ்வளவு வேகமாக நடந்து அவர் பார்த்ததில்லை. எந்தச் சுவரோரம் திரும்ப வேண்டும், எந்த வாசலில் புக வேண்டும் என்று யாரையும் கேட்கவுமில்லை. பாவாடையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மேற்கே போனாள். தாழ்ந்த மதில் ஒன்று வந்தது. சின்ன வாசல். அதற்குள் தலையை நீட்டிய தோசிக் அப்படியே நின்றுவிட்டார்.

ஜாடிகள்.

ஒன்றல்ல, பத்தல்ல. படிப்படியாக மேலே ஏறிப்போகிற மேடைகளில், படைவரிசைபோல, நூற்றுக்கணக்கான ஜாடிகள். ஆளுயரத்துக்கு நிற்பவை பின்னால், குழந்தைபோல உட்கார்ந்திருப்பவை முன்னால். தெற்கு மாகாணத்து ஜாடி கர்ப்பிணிபோல வயிறு தள்ளி நின்றது. வடக்கத்தி ஜாடி ஒல்லியாக, வாய் அகன்று நின்றது. ஒரு மரத்தின் நிழல்கூட அவற்றின்மேல் விழவில்லை. அரண்மனையின் மொத்த வெயிலையும் கூப்பிட்டு இங்கே உட்காரவைத்திருந்தார்கள்.

"ராஜா வீட்டு சோயா மேடை," என்றாள் மல்சூக். "இதைப் பாத்துக்கறதுக்குன்னே ஒரு அம்மா இருந்தாங்களாம். அவங்க அனுமதி இல்லாம யாரும் உள்ள கால் வைக்க முடியாதாம்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"வாசல்ல எழுதியிருக்கே." வாசல் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆக, ஜாடி எங்க இருக்கு? நல்ல வெயில்ல. கல்லு எங்க இருக்கு? வீட்டுக்குப் பின்னால, வடக்கே. உங்க வாயாலயே சொன்னீங்க. உங்க கையாலயே எழுதினீங்க. 'எது எங்கே இருக்கிறதோ...'"

"இரு, இரு. அங்கயும் வெயில் இருந்தது!"

"பின் பால்கனியிலயும் சாயங்காலம் அரைமணி நேரம் அடிக்கும்."

"அங்க வாஷிங் மெஷின் இருக்கு!"

"ராணி வீட்டுக்குப் பின்னால புகைபோக்கி இருந்ததே, ராணி கோவிச்சுக்கிட்டாளா?"

தோசிக் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தபோது வந்தது வேறு வார்த்தை. "இந்த ஜாடியைப் பாரு."

முதல் வரிசையில் ஒரு நடுத்தர ஜாடி. சூளையில் வழிந்த பூச்சு, வயிற்றின்மேல் மூன்று மலைகளாக உறைந்திருந்தது. அடியில் கைவிரலால் இழுத்த ஒரு கோடு, ஆறுபோல. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். ஐந்து நிமிஷம் எழுந்திருக்கவில்லை.

"அம்மாவோட பெரிய ஜாடியிலயும் இப்படி ஒண்ணு இருக்கு," என்றாள் மல்சூக், பக்கத்தில் பாவாடையை மடக்கி உட்கார்ந்து. "கொக்கு பறக்கற மாதிரி. நான் சின்ன வயசுல அதைத்தான் பாத்துக்கிட்டே இருப்பேன். உங்ககிட்ட சொன்னதில்ல."

"ஏன் சொல்லல?"

"நீங்க எப்பவும் கல்லைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தீங்க."

தோசிக் கையை ஊன்றி எழுந்து, அவளுக்கும் கைகொடுத்து எழுப்பினார். "சரி," என்றார். "பத்திரம் பத்திரம்தான். மா தோசிக் பேச்சு மாறமாட்டான்."

தோற்றாலும் தானே விட்டுக்கொடுத்ததாக ஒரு கௌரவம் இருக்கிறதே, அதை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மாலையே கற்களை எடுக்கத் தொடங்கினார். ஒரு கையில் துறவியையும் மறுகையில் படகையும் தூக்கிக்கொண்டு, வீரன் விழுப்புண்ணோடு நடப்பதுபோல நடந்து, பின் பால்கனிக் கதவைக் காலால் தள்ளித் திறந்தார்.

வாஷிங் மெஷினுக்கு எதிர்ச்சுவரில் புது அலமாரி ஒன்று நின்றது. அமிசான் தோட்டம்போலவே நான்கு படி. பூசிய மெருகின் வாசனை இன்னும் போகவில்லை. ஒவ்வொரு படியிலும் பீடத்துக்குப் பீடம் அளவெடுத்துக் குடைந்த பள்ளங்கள். எண்ணினார். நாற்பத்து மூன்று. துறவியை வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

அலமாரியின் தலையில் ஒரு பாதித் தாள் ஒட்டியிருந்தது. அரண்மனையின் படம், வரிசை வரிசையாக ஜாடிகள். தோசிக் தன் சட்டைப்பையிலிருந்த பாதியை மெல்ல எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கிழிசலோடு கிழிசல், பல்லோடு பல் பொருந்தியது.

எதிர்வீட்டிலிருந்து ஒரு இருமல் சத்தம் கேட்டது.

"தம்பி! இது எப்பச் செஞ்சது?"

"போன மாசம், அண்ணே! இன்னைக்கு நீங்க கிளம்பின உடனே கொண்டுவந்து வச்சேன். அண்ணி கிம்ச்சிக்கு நான் கட்டுப்பட்டவன்!"

தோசிக் மிச்சக் கற்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அதனதன் பள்ளத்தில் வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முன் பால்கனியில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. இதையாவது அவளிடம் சொல்லக் கூடாது, ஒரு விஷயத்திலாவது அவள் நினைக்காததை நாமாகச் செய்ய வேண்டும் என்று உறுதி செய்துகொண்டு, கடைசியாகப் போய்த் தன் தெளிப்பானை எடுத்துவந்தார்.

அதை மாட்டுவதற்கும் அங்கே ஒரு ஆணி அடித்துத் தயாராக இருந்தது.